கடல் இல்லாத ஊரில் கொஞ்சம் மணல்

(நம் குடியிருப்பில் ஜனவரி 26 அன்று நடந்த குடியரசு தின விழாவில், சி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். அடுத்த பொதுக்குழுவில் பேசப்பட இருக்கும் விஷயம் என்பதால், வர இயலாதவர்களுக்காக முழுமையாக வெளியிடுகிறோம்.)



“சார், விளையாட்டைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்க” என்று செயலாளர் கேட்டார். முப்பது வருஷம் விசில் ஊதினவனிடம் பத்து நிமிஷம் என்றால் அது இருபதாகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று நான் பேசப்போவது கடற்கரை விளையாட்டுகளைப் பற்றி. காளவாசல் சிக்னலில் நின்று கடற்கரைக்கு வழி கேட்டால் சிரிப்பார்கள். ராமநாதபுரம் தாண்ட வேண்டும், இல்லை தூத்துக்குடி போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் எதற்கு இந்தப் பேச்சு என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் கடைசியில் வரும். நம் பின்பக்கத்துக் காலி இடத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று மட்டும் இப்போது சொல்லி வைக்கிறேன்.

மாமல்லபுரத்தில் என்ன நடந்தது?

2025 ஆகஸ்ட் மாதம் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்தது. சர்ஃபிங் என்கிறோமே, அதுதான். ஆகஸ்ட் 3 முதல் 12 வரை. இந்தியாவில் இந்தப் போட்டி நடந்தது அதுதான் முதல் முறை. ஜப்பான், கொரியா, இந்தோனேசியா, சீனா என்று பல நாட்டவர் வந்தார்கள். ஆண், பெண் பொதுப் பிரிவுகளோடு, 18 வயதுக்கு உட்பட்ட பையன்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பிரிவுகள் இருந்தன. அதாவது பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கிற வயதுப் பிள்ளைகள் தங்கள் நாட்டுக் கொடியைத் தோளில் போர்த்திக்கொண்டு நம் மாநிலத்துக் கடலில் இறங்கினார்கள்.

இந்த விளையாட்டில் மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்குப் பிடிக்கும். குறிப்பிட்ட நேரத்துக்குள் ஒருவர் எத்தனை அலையில் வேண்டுமானாலும் ஏறலாம். ஒவ்வொரு அலைக்கும் நடுவர்கள் பத்துக்கு மதிப்பெண் போடுவார்கள். அதில் சிறந்த இரண்டு அலைகளை மட்டும் கூட்டி, இருபதுக்கு எத்தனை என்று பார்ப்பார்கள். பத்து தடவை விழுந்தாலும் பரவாயில்லை, இரண்டு தடவை நன்றாக நின்றால் போதும். பரீட்சையிலும் இப்படி ஒரு முறை வந்தால் நன்றாயிருக்கும் என்று நினைக்கிற பிள்ளைகள் இங்கே நிறையப் பேர் இருப்பார்கள்.

அந்தப் போட்டியில் ஆண்கள் பொதுப் பிரிவில் ரமேஷ் புதிஹால் 12.60 எடுத்து வெண்கலம் வென்றார். ஆசிய அலைச்சறுக்குப் போட்டியில் தனிநபராகப் பதக்கம் வாங்கிய முதல் இந்தியர் அவர். அவருடைய குடும்பம் கர்நாடகத்திலிருந்து கேரளத்தின் கோவளத்துக்குப் பிழைக்க வந்து, கடற்கரையில் கைவினைப் பொருள் விற்ற குடும்பம். அலைச்சறுக்குப் பலகையை அவர் பார்த்ததும் தொட்டதும் அந்தக் கடற்கரையில்தான்.

மாமல்லபுரம் பிள்ளைகளின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். மீனவக் குப்பத்துப் பையன்கள். கடல் அவர்களுக்குப் பயமில்லை, அப்பா தொழில் செய்கிற இடம். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த பலகையை இரவல் வாங்கிக் கற்றுக்கொண்டவர்கள், இன்று பயிற்சிப் பள்ளி நடத்துகிறார்கள், மாநிலத்துக்கும் நாட்டுக்கும் ஆடுகிறார்கள். அந்த ஊரில் வளர்ந்த கமலி மூர்த்தி என்ற பெண்பிள்ளை சின்ன வயதில் வெறுங்காலோடு சறுக்குப் பலகையில் நின்ற படம் உலகம் முழுக்கப் போனது. அவளைப் பற்றி ஓர் ஆவணப்படமே எடுத்தார்கள். பிறகு அலைச்சறுக்கிலும் அவள் தேசியப் போட்டிகளில் வென்றாள்.

இந்த ஆண்டு செப்டம்பர், அக்டோபரில் ஜப்பானில் ஐச்சி–நகோயாவில் நடக்கவிருக்கும் ஆசிய விளையாட்டுப் போட்டியில் அலைச்சறுக்கு முதல் முறையாக இடம் பெறுகிறது. குப்பத்தில் விளையாட்டாகத் தொடங்கியது ஆசியப் போட்டி வரை வந்துவிட்டது.

இதில் நான் கவனித்த விஷயம் ஒன்று. இந்தப் பிள்ளைகள் யாருக்கும் கிளப் உறுப்பினர் அட்டை கிடையாது. பெரிய மைதானம் கிடையாது. அவர்கள் வீட்டு வாசலில் மணல் இருந்தது. அந்த மணலுக்குக் கேட் இல்லை, பூட்டு இல்லை, “இங்கே விளையாடக் கூடாது” என்ற பலகை இல்லை. அவ்வளவுதான் அவர்களுக்குக் கிடைத்த வசதி.

கடல் இருந்தால்தான் முடியுமா?

சரி, அவர்களுக்குக் கடல் இருக்கிறது, நமக்கு இல்லையே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன்.

2025 மே மாதம் டையூவில் முதல் கேலோ இந்தியா கடற்கரை விளையாட்டுகள் நடந்தன. குஜராத்தை ஒட்டிய சின்னத் தீவு டையூ. அங்கே கோக்லா கடற்கரையில் பீச் வாலிபால், பீச் சாக்கர், பீச் கபடி, செபக் தக்ரா, பென்காக் சிலாட் என்ற தற்காப்புக் கலை, கடல் நீச்சல் எல்லாம் வைத்தார்கள். ஒட்டுமொத்தப் பதக்கப் பட்டியலில் முதலிடம் யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? கேரளமா? கோவாவா? மகாராஷ்டிரமா? இல்லை. மணிப்பூருக்கு! நாலு பக்கமும் மலையும் நிலமும் உள்ள மாநிலம். நாகாலாந்தும் முன்வரிசையில் வந்தது, அங்கும் கடல் கிடையாது.

இன்னும் தூரம் போய்ப் பார்க்கலாம். பீச் வாலிபால் 1996 அட்லாண்டாவிலிருந்து ஒலிம்பிக் விளையாட்டு. அட்லாண்டாவும் கடல் இல்லாத ஊர்தான். 2012ல் லண்டனில் நகரத்தின் நடுவில், குதிரைப்படை அணிவகுப்பு நடக்கிற மைதானத்தில், லாரி லாரியாக மணல் கொட்டி ஆட வைத்தார்கள். 2024ல் பாரிஸில் ஈபிள் கோபுரத்தின் காலடியில் அதே விளையாட்டு. லண்டனில் போட்டி முடிந்த பிறகு அந்த மணலை உள்ளூர் ஆடுகளங்கள் அமைக்கக் கொடுத்தார்கள்.

எனவே இந்த விளையாட்டுகளுக்குக் கடல் அழகுக்குத்தான். தேவைப்படுவது மணல். மணல் என்றால் மதுரைக்காரனுக்குப் புதிதா? வைகையில் அழகர் இறங்குகிற நாளில் நாம் எல்லாரும் நின்றது மணலில்தானே! ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதங்களில் பையன்கள் ஸ்டம்ப் நட்டு விளையாடியதையும் பார்த்திருக்கிறோம். இன்று அந்த மணல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது வேறு பேச்சு.

நம் ஊருக்கும் உலகம் வந்தது

சர்வதேசப் போட்டி என்றால் சென்னைக்குத்தான் வரும் என்று நினைத்த காலம் போய்விட்டது. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளைச் சென்னை, திருச்சி, கோவை ஆகிய ஊர்களோடு மதுரையும் நடத்தியது. கோ-கோ நம் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நடந்தது. அந்தப் போட்டிகளில் தமிழ்நாடு 38 தங்கத்தோடு 98 பதக்கங்கள் பெற்று, மகாராஷ்டிரத்துக்கு அடுத்து இரண்டாவது இடத்துக்கு வந்தது.

அதற்குப் பிறகு போன நவம்பர், டிசம்பரில் ஆடவர் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி. சென்னையும் மதுரையும் சேர்ந்து நடத்தின. முதல் முறையாக 24 நாட்டு அணிகள். ரேஸ்கோர்ஸில் புதிதாகச் செயற்கைப் புல்தரை போட்டு ஹாக்கி மைதானம் கட்டினார்கள். நவம்பர் 29ல் ஓமனை இந்தியா 17–0 என்று ஜெயித்ததும், டிசம்பர் 2ல் சுவிட்சர்லாந்தை 5–0 என்று ஜெயித்ததும் இங்கேதான். நுழைவுச்சீட்டு இலவசம். நம் குடியிருப்பிலிருந்தும் சிலர் பிள்ளைகளைக் கூட்டிப்போனீர்கள், பார்த்தேன். கடைசியில் ஜெர்மனி கோப்பையை வென்றது. இந்தியா 0–2 என்று பின்தங்கியிருந்து, கடைசிக் கால்பகுதியில் நாலு கோல் போட்டு, அர்ஜென்டினாவை வீழ்த்தி வெண்கலம் எடுத்தது.

அந்த வாரம் நம் பார்க்கிங்கில் நடந்ததை நீங்களும் கவனித்திருப்பீர்கள். கிரிக்கெட் மட்டையைத் தலைகீழாகப் பிடித்து ஹாக்கி ஆடினார்கள் பிள்ளைகள். இரண்டு செருப்பு ஒரு கோல், இரண்டு செங்கல் இன்னொரு கோல். மூன்றாம் நாள் ஒரு காரின் கண்ணாடியில் கீறல் விழுந்தது. நான்காம் நாள் பலகை வந்தது. “வாகன நிறுத்துமிடத்தில் விளையாடக் கூடாது.”

கார் வைத்திருப்பவரை நான் குறை சொல்லவில்லை. அவர் கடன் வாங்கி வாங்கின கார். பிள்ளைகளையும் குறை சொல்ல மாட்டேன். உலகக் கோப்பையைப் பார்த்த பிள்ளைக்குக் கை துறுதுறு என்றுதான் இருக்கும். குறை இடத்தில்தான் இருக்கிறது. ஒரே இடத்தில் காரும் நிற்க வேண்டும், பிள்ளையும் ஓட வேண்டும் என்றால் இரண்டில் ஒன்று அடிபடத்தான் செய்யும்.

போட்டி முடிந்த பிறகு

பெரிய போட்டிகளைப் பற்றி ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் சொல்ல வேண்டும்.

கெட்டது முதலில். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குக் கடற்கரை ஓரமாகப் பெரிய பீச் வாலிபால் அரங்கம் ஒன்று கட்டினார்கள். போட்டி முடிந்தது, கூட்டம் போனது. அப்புறம் அங்கே புல் முளைத்தது, இருக்கைகள் வெயிலில் வெளிறின. பயன்படாமல் கிடந்த அந்த அரங்கத்தின் படங்களை உலகமே பார்த்தது. பக்கத்துத் தெருப் பிள்ளைகள் நுழைந்து விளையாட முடியாத மைதானத்துக்கு அந்தக் கதிதான்.

நல்லது இப்போது நடந்துகொண்டிருக்கிறது. வரும் அக்டோபர் 31 முதல் நவம்பர் 13 வரை மேற்கு ஆப்பிரிக்காவில், செனகல் நாட்டில் இளையோர் ஒலிம்பிக் நடக்கப்போகிறது. ஆப்பிரிக்கக் கண்டத்தில் நடக்கும் முதல் ஒலிம்பிக் விழா இதுதான். 2022ல் நடந்திருக்க வேண்டியது, கொரோனாவால் தள்ளிப்போனது. டக்கார் கடலோர நகரம். அதோடு தியாம்னியாதியோ என்ற புது நகரத்திலும், சாலி என்ற கடற்கரை ஊரிலும் போட்டிகள். ஆடப்போகிறவர்கள் எல்லாரும் பதினேழு வயது வரை உள்ள பிள்ளைகள். அதில் பீச் வாலிபால், பீச் ஹேண்ட்பால், மணலில் மல்யுத்தம், கடலோரப் படகோட்டம் எல்லாம் உண்டு.

பெரியவர்களுக்கான ஒலிம்பிக்கில் ஹேண்ட்பால் உள்ளரங்கில்தான் நடக்கிறது. இளையோர் ஒலிம்பிக்கில் 2018 புவனோஸ் ஐரிஸிலேயே அதை மணலுக்கு மாற்றிவிட்டார்கள். மல்யுத்தமும் இப்போது மணலுக்கு வருகிறது. செலவைப் பார்த்தால் இது நமக்கும் புரியும். உள்ளரங்கம் வேண்டாம், மரத்தளம் வேண்டாம், விலை உயர்ந்த ஷூ வேண்டாம். செனகல் மக்களுக்கு மணலில் மல்யுத்தம் ஊர்த் திருவிழா மாதிரி. நம் ஊரில் கபடி எப்படியோ அப்படி. அவர்களிடம் ஏற்கெனவே இருப்பதை வைத்தே உலகத்தை அழைக்கிறார்கள்.

கபடி என்றதும் செல்லூர்க்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். பீச் கபடியும் இருக்கிறது. ஒரு பக்கம் நாலு பேர் ஆடினால் போதும். 2008ல் பாலித் தீவில் நடந்த முதல் ஆசியக் கடற்கரை விளையாட்டிலேயே இந்தியப் பெண்கள் அணி அதில் தங்கம் வாங்கியது. நாலு பேர் என்பதைக் கவனியுங்கள். ஒரு குடியிருப்பில் ஏழு பேரைச் சேர்ப்பது கஷ்டம், டியூஷன் விடாது. நாலு பேரை எப்படியும் பிடித்துவிடலாம்.

மணலில் ஆடினால் என்ன?

உடற்கல்வி ஆசிரியராக இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

மணலில் விழுந்தால் முட்டி பெயராது. நம் பார்க்கிங்கில் இருக்கிற சிமெண்டுத் தளத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை இங்கே இருக்கிற அம்மாக்களைக் கேளுங்கள். குதித்து இறங்கும்போது சிமெண்டு திருப்பி அடிக்கும், மணல் வாங்கிக்கொள்ளும். வளர்கிற எலும்புக்கும் மூட்டுக்கும் அது பெரிய உபகாரம்.

அதே சமயம் உழைப்பு கூடும். கெட்டித் தரையில் ஓடுவதைவிட மணலில் ஓட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு சக்தி செலவாகும் என்று ஆய்ந்து சொல்லியிருக்கிறார்கள். அரைமணி நேரம் ஆடினால் பிள்ளைக்குப் பசி எடுக்கும், ராத்திரி செல்போனைத் தேடாமல் தூங்கும். பாதத்திலும் கணுக்காலிலும் உள்ள சின்னச் சின்னத் தசைகள் வேலை செய்யும்.

பெரியவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. காலையில் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் மெதுவாக நடக்கலாம். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் மட்டும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

விதிகளும் சுலபம். பீச் வாலிபாலில் ஒரு பக்கம் இரண்டு பேர். முதல் இரண்டு செட் 21 புள்ளி, மூன்றாவது தேவைப்பட்டால் 15. பீச் ஹேண்ட்பாலில் கோல்காப்பாளரோடு நாலு பேர், பத்து நிமிஷம் கொண்ட இரண்டு பகுதிகள். காற்றில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிக் கோல் போட்டால் ஒன்றுக்கு இரண்டு புள்ளி. பிள்ளைகள் இதைக் கேட்டால் நாளையிலிருந்தே சுற்ற ஆரம்பிப்பார்கள்.

இப்போது நம் பின்பக்கத்துக் காலி இடம்

விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, ஐம்பதுக்கு முப்பது அடி இடம் சும்மா கிடக்கிறது. உடைந்த பைப், பழைய மெத்தை, தென்னை மட்டை. அங்கே தளம் போட்டு ஆறு கார் நிறுத்தலாம் என்று ஒரு யோசனை பொதுக்குழுவுக்கு வருகிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது. சில வீடுகளில் இரண்டு கார் ஆகிவிட்டது, பைபாஸ் ரோட்டில் நிறுத்தினால் போலீஸ் பூட்டுப் போடுகிறார்கள்.

என் யோசனை வேறு. அங்கே மணல் ஆடுகளம் போடுவோம்.

கணக்கைச் சொல்கிறேன். சர்வதேச அளவுப் பீச் வாலிபால் களம் 16 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். சுற்றிலும் 3 மீட்டர் காலியிடம். அதாவது 72க்கு 46 அடி வேண்டும், மணல் 40 சென்டிமீட்டர் ஆழம் வேண்டும். அவ்வளவு இடம் நம்மிடம் இல்லை. ஒலிம்பிக் நடத்தும் திட்டமும் நம்மிடம் இல்லை. பிள்ளைகளுக்கு 12க்கு 6 மீட்டர் போதும், அதாவது 39க்கு 20 அடி. சுற்றிலும் ஐந்தடி விட்டால் நம் ஐம்பதுக்கு முப்பதில் கச்சிதமாக உட்காரும். ஓரடி ஆழம் என்றால் 1,500 கன அடி. லாரிக் கணக்கில் 15 யூனிட் மணல்.

எந்த மணல் என்பது முக்கியம். கட்டடத்துக்குப் போடுகிற எம்-சாண்ட் ஆகாது. அது உடைத்த கல், முனை கூராக இருக்கும், வெறுங்காலைக் கீறும். உருண்டையான, சலித்துக் கழுவிய மணல் வேண்டும், கல்லும் தூசியும் இல்லாமல். அதை அரசு அனுமதி உள்ள இடத்தில் ரசீதோடு மட்டும் வாங்க வேண்டும். வைகையையோ வேறு எந்த ஆற்றையோ திருட்டுத்தனமாகச் சுரண்டின மணலில் நம் பிள்ளைகள் விளையாட வேண்டாம். கிடைக்கத் தாமதமானால் காத்திருப்போம். அதுவரை இடத்தைச் சுத்தம் செய்து மண்தரையிலேயே வலை கட்டுவோம்.

அடியில் சரளை, அதன் மேல் மண் கலக்காமல் இருக்க வடிகட்டித் துணி, ஓரத்தில் ஓட்டை போட்ட பைப். அந்தப் பைப்பை நம் மழைநீர் சேகரிப்புக் குழியில் சேர்த்துவிட்டால் ஐப்பசி, கார்த்திகை மழை அப்படியே நிலத்துக்குள் போகும். தளம் போட்டால் அத்தனை தண்ணீரும் சாக்கடைக்குப் போகும். கோடையில் போர்வெல் காற்று வாங்கும்போது இதை நினைத்துப் பாருங்கள்.

உங்கள் கவலைகள்

என்னிடம் நேரில் சொன்ன கவலைகளுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

பூனை அசுத்தம் செய்யும் என்றார்கள். செய்யும். ராத்திரி தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். வாரம் ஒரு முறை வாருகோல் போட்டு இழுத்துக் கிளறிவிட வேண்டும். வெயில் பட்டால் மணல் சுத்தமாகும். இந்த வேலையைப் பிள்ளைகளே முறை போட்டுச் செய்யட்டும். விளையாடுகிறவன்தான் களத்தைப் பேண வேண்டும், அதுவும் பயிற்சிதான்.

மணல் வீட்டுக்குள் வரும் என்றார்கள். பக்கத்தில் ஒரு குழாயும் கால் கழுவும் திட்டும் கட்டினால் பாதி குறையும். மீதி வரும். மறைக்காமல் சொல்கிறேன்.

சத்தம் வரும் என்று ஏ பிளாக் தரைத்தளத்து அம்மா சொன்னார். அவர் இதய நோயாளி. அவர் சொல்வதற்கு முதல் மரியாதை. நேரம் வைப்போம். காலை ஆறரை முதல் எட்டு, மாலை ஐந்து முதல் ஏழரை. நம் ஊர் வெயிலில் நடுப்பகலில் மணல் காலைச் சுடும், யாரும் ஆடவும் முடியாது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பொதுத்தேர்வு மாதத்தில் மாலை நேரத்தை இன்னும் குறைக்கலாம்.

ஜன்னல் உடையும் என்றார்கள். வாலிபாலுக்கு உடையாது. கிரிக்கெட் பந்துக்கு அங்கே அனுமதி இல்லை என்று எழுதி வைப்போம். அந்தப் பலகையை நானே எழுதித் தருகிறேன்.

கார்களுக்கு என்ன வழி? இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. இரண்டாவது காருக்கு மாதக் கட்டணம் வைத்துப் பக்கத்தில் வாடகை இடம் பார்ப்பதைச் சங்கம் யோசிக்கலாம். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். பொதுஇடம் எல்லா உரிமையாளர்களுக்கும் பிரிக்கப்படாத பங்காக உள்ள சொத்து. நம் அடுக்குமாடி உரிமைச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. ஆறு கார் நிறுத்தினால் ஆறு வீட்டுக்குப் பயன். மணல் போட்டால் பள்ளிக்குப் போகிற முப்பது பிள்ளைகளுக்குக் குறையாமல் பயன். எந்தப் பக்கம் பங்கு அதிகம் என்று நீங்களே பாருங்கள்.

கேட்டுக்கு வெளியே நிற்கிற பிள்ளைகள்

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் மாமல்லபுரத்திலிருந்து ஆரம்பித்தேன்.

நம் பொதுக்குழுவில் ஓட்டு வீட்டு உரிமையாளர்களுக்கு மட்டும். வாடகைக்கு இருக்கிறவர்களின் பிள்ளைகள் இந்த வளாகத்தில் பாதிக்கு மேல். அவர்களின் பெற்றோருக்கு ஓட்டு இல்லை. நம் வாட்ச்மேனின் மகள் ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். சனி, ஞாயிறுகளில் அப்பாவோடு வந்து கேட் பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பாள். பிள்ளைகள் விளையாடும்போது பந்து அவள் பக்கம் வந்தால் எடுத்து வீசுவாள். அவள் வீசுகிற வேகத்தை நான் பார்த்திருக்கிறேன். தோள், இடுப்பு, மணிக்கட்டு மூன்றும் ஒன்றாகத் திரும்பும். அப்படிப்பட்ட வீச்சு சொல்லிக்கொடுத்து வருவதில்லை. அவளை இதுவரை யாரும் ஆட்டத்துக்குக் கூப்பிட்டதில்லை. வரக் கூடாது என்றும் யாரும் சொன்னதில்லை. அவளாகவே கேட் பக்கம் நின்றுகொள்கிறாள்.

கைவினைப் பொருள் விற்றவர் வீட்டுப் பையன் கோவளத்தில் ஆசியப் பதக்கம் வரை போனதற்கு அவன் திறமையும் உழைப்பும் காரணம். அதோடு, அந்த மணலில் அவனை யாரும் “நீ எந்த பிளாக்?” என்று கேட்கவில்லை என்பதும் காரணம். நாம் களம் போட்டால், அதன் முதல் விதியாக நான் கேட்பது இதுதான். உரிமையாளர் பிள்ளை, வாடகைக்காரர் பிள்ளை, இங்கே வேலை செய்கிறவர்களின் பிள்ளை, எல்லாரும் ஆடலாம். இதற்குச் சம்மதம் இல்லையென்றால் களம் வேண்டாம், கார்களையே நிறுத்திக்கொள்ளலாம்.

நான் கேட்பவை மூன்று. ஒன்று, தளம் போடும் முடிவை எடுக்கும் முன் செயலாளர் இரண்டு திட்டத்துக்கும் மூன்று இடங்களில் விலை விசாரித்து, அடுத்தடுத்துப் பொதுக்குழு முன் வைக்கட்டும். இரண்டு, வாடகைக்கு இருப்பவர்களின் கருத்தையும் ஒரு தாளில் எழுதி வாங்கி, ஓட்டெடுப்புக்கு முன்னால் வாசிக்கட்டும். மூன்று, அதுவரை வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அந்த இடத்தைச் சுத்தம் செய்வோம். மண்வெட்டி இருப்பவர்கள் கொண்டு வாருங்கள். கார் நிறுத்துவதாக இருந்தாலும் அந்த மெத்தையை யாராவது தூக்கித்தானே ஆக வேண்டும்!

பயிற்சிக்கு நான் இருக்கிறேன். சம்பளம் வேண்டாம், ஒரு டம்ளர் காபி போதும். விசில் இன்னும் வைத்திருக்கிறேன்.

பிள்ளைகளே, இப்போது மிட்டாய் வாங்கப் போகலாம். கேட் அறையில் இருக்கிறவளுக்கும் ஒன்று கொண்டுபோய்க் கொடுங்கள், ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்கள்.